பழைய நண்பர், பெரிய ஊர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடப் படித்தவரோ, முதல் வேலையில் பக்கத்து மேசையில் இருந்தவரோ ஏதோ ஒரு பெருநகரத்தில் குடியேறிவிடுகிறார். "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்று வருடக்கணக்காகக் கூப்பிடுகிறார். ஒருநாள் நாமும் டிக்கெட் போட்டுவிடுகிறோம். சந்தேகங்கள் அதற்கப்புறம்தான் வரும். இப்படிப் பல வீடுகளுக்குப் போய் வந்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்பவை கொஞ்சம் சேர்ந்துவிட்டன. அவற்றையும், நான் கேட்கத் தயங்கிய சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எத்தனை நாள் தங்கலாம்?

மூன்று இரவு. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற பழமொழியைச் சொன்னவர் வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். போய்ச் சேருகிற நாள் பயணக் களைப்பிலும் பேச்சிலும் போய்விடும். கிளம்புகிற நாளில் பாதி மனது பையில்தான் இருக்கும். ஆக, மூன்று இரவு என்றால் கையில் முழுசாக நிற்பது இரண்டு நாள். அது போதும். ஒரு வாரம் தங்கியே ஆக வேண்டும் என்றால் நடுவில் இரண்டு நாள் வேறெங்காவது போய்விட்டுத் திரும்புங்கள். அந்த இடைவெளியில் அவர்கள் துணி துவைப்பார்கள், சண்டை போடுவார்கள், சீக்கிரம் தூங்குவார்கள். எல்லா வீட்டுக்கும் அது வேண்டும்.

எப்போது போவது என்று எப்படிக் கேட்பது?

"அடுத்த மாசம் வரட்டுமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "இந்த ரெண்டு மாசத்துல எந்த வாரம் உனக்கு வேலை கம்மி?" என்று கேளுங்கள், உண்மையான பதில் வரும்.

தேதி முடிவானதும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பெரிய அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. உள்ளூர்க்காரருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அவர் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

அவர்கள் வீட்டில் தங்குவதா, வெளியே அறை எடுப்பதா?

"நம்ம வீடு இருக்கும்போது எதுக்குடா லாட்ஜ்?" என்று சொல்லாத நண்பர் கிடையாது. அந்த வாக்கியத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் அடுத்ததாக ஒன்று கேட்பேன்: "எங்க படுக்க வைக்கப் போற?" "ஹால்ல மெத்தை போட்டுடலாம், நான் காலையில ஆறரைக்குக் கிளம்பிடுவேன், லைட் போடுவேன், பரவாயில்லையா?" என்று பதில் வந்தால் தயங்காமல் போகலாம், அவர் ஏற்கனவே யோசித்துவிட்டார். "அதெல்லாம் பாத்துக்கலாம் வா" என்று வந்தால், அதோடு இரண்டே அறை, ஒரே குளியலறை, வீட்டில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை என்றால், நடக்கிற தூரத்தில் ஓர் அறை எடுத்துக்கொள்வேன். சாப்பாடும் அரட்டையும் அவர் வீட்டில், தூக்கம் மட்டும் வெளியே. நட்புக்கு இதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

எங்கே தங்கினாலும் முதல் இரவு தூக்கம் சரியாக வராது. இது உங்கள் பிரமை இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், புதிய இடத்தில் முதல் இரவு தூங்குபவர்களின் மூளையில் இடது பாதி வலது பாதியைவிட மேலோட்டமாகவே உறங்குவதும், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வதும் தெரிந்தது. அதனால் மறுநாள் விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்பும் திட்டத்தை அன்போடு தள்ளிப்போடுங்கள்.

என்னென்ன பார்ப்பது? திட்டம் யார் போடுவது?

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அவ்வளவுதான். மீதி நேரம் அந்த இடத்துக்குப் போகிற வழியும் வருகிற வழியும். முதல் தடவை போனபோது பதினேழு இடங்களை எழுதிக்கொண்டு போனேன். ஒன்பதை முடித்தேன். இப்போது அந்த ஒன்பதில் எனக்கு நினைவிருப்பது, மூடியிருந்த ஒரு கோபுரத்தின் வாசலில் நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

நண்பரிடம் "இங்க பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டால், இணையத்தில் முதலில் வருகிற பத்து இடங்களைத்தான் அவரும் சொல்வார். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து போகணும்னு நெனச்சுப் போகாத இடம் எது?" எல்லாரிடமும் ஒன்று இருக்கும். பேருந்தில் தினமும் தாண்டிப்போகிற ஏதோ பழைய கட்டடம், ஆற்றின் அக்கரை, ரயில் பாதையின் கடைசி நிலையம். அந்த ஊர்க்காரர்கள் அந்த ஊரைப் பார்ப்பதில்லை, யாராவது வந்தால்தான் பார்க்கிறார்கள். அவரும் புதிதாகப் போகிற இடம் என்றால் வழிகாட்டி, விருந்தாளி என்ற வித்தியாசம் போய்விடும். இரண்டு பேரும் சேர்ந்து வழி தவறலாம், அது ஒரு தனி சுகம்.

அவர் வேலைக்குப் போகிற நாளில் கூடவே போகலாமா? வெட்டியாக இருக்காதா?

என்னைக் கேட்டால் பயணத்தின் நல்ல பகுதியே அதுதான். கட்டாயம் போங்கள், குறைந்தது ஒரு காலையாவது.

ஒரு நண்பனுடன் அவன் அலுவலக வாசல் வரை போனேன். மெட்ரோ நடைமேடையில் கூட்டம் முழுக்கப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. இவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தள்ளிப் போனான். தரையில் ஓர் ஓடு குறுக்கே விரிசல் விட்டிருந்தது. போய் அதன் மேல் நின்றான். ரயில் வந்து நின்றதும் கதவு சரியாக அவன் மூக்குக்கு நேரே திறந்தது. ஏழாவது நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே நகரும் படி. பின்னால் வந்த கூட்டம் வரிசை கட்டுவதற்குள் நாங்கள் மேலே போய்விட்டோம். "மூணாவது பெட்டி, கடைசிக் கதவு. மாத்திட்டா நாலு நிமிஷம் போயிடும்" என்றான். கல்லூரியில் ஒரு வகுப்புக்கும் நேரத்துக்கு வராதவன் இவன்.

"எப்படிடா போகுது?" என்று நான் போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஓடுது" என்பான். ஓடுகிறது என்றால் என்ன என்று அந்த ஓட்டின் மேல் நின்றபோதுதான் தெரிந்தது. எனவே, அவர் செருப்பு தைக்கப் போனால் கூடப் போங்கள். குழந்தையைப் பள்ளியில் விடப் போனாலும் போங்கள். முடிவெட்டிக்கொள்ளப் போனால் நீங்களும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

மெட்ரோவிலேயே எல்லா இடத்துக்கும் போய்விடலாமா?

போகலாம். ஆனால் மெட்ரோ வரைபடத்தைப் பார்த்து தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள். இன்று உலகெங்கும் உள்ள மெட்ரோ வரைபடங்களுக்கு முன்மாதிரி, லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் 1931இல் வரைந்தது. அவர் தொழில்நுட்பப் படங்கள் வரையும் வேலையில் இருந்தவர். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு மேலே சாலை எப்படி வளைகிறது என்பது எதற்கு, அடுத்த நிலையம் எது, எங்கே மாறுவது என்று தெரிந்தால் போதும் என்பது அவர் யோசனை. எல்லாக் கோடுகளையும் நேராகவும் 45 பாகைச் சாய்விலும் போட்டார். நெருக்கமான நகர மையத்தை விரித்தார், புறநகரைச் சுருக்கினார். முதலில் நிராகரித்தார்கள். 1933இல் அச்சிட்டுக் கொடுத்ததும் பயணிகள் விரும்பி வாங்கிப் போனார்கள்.

இதனால் பயணிக்கு வரும் சிக்கல் என்னவென்றால், வரைபடத்தில் தள்ளித் தெரிகிற இரண்டு நிலையங்கள் மேலே ஒரே தெருவின் இரு முனைகளாக இருக்கலாம். லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயர் நிலையத்துக்கும் கோவன்ட் கார்டன் நிலையத்துக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மேலே ஏறி வருவதற்குள் நடந்தே போய்விடலாம். சாதாரணத் தெரு வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்றால் நடங்கள். வருடக்கணக்காகச் சுரங்கத்திலேயே போய்வந்த நண்பருக்கும் அந்த ஊர் தனித்தனிப் புள்ளிகளாகத்தான் தெரியும். "அட, இது ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயா!" என்று அவர் நடுத்தெருவில் நிற்பதைப் பார்ப்பதற்காகவே நடக்கலாம்.

அருங்காட்சியகத்துக்குள் போனால் ஒரு மணி நேரத்திலேயே காலும் தலையும் போய்விடுகிறதே?

எல்லாருக்கும் போகும். நூறு வருடத்துக்கு முன்பே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிகளில் உள்ள பொருள்களைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தே காட்டினார். தவறு பார்வையாளர் மேல் இல்லை, பொருளை வைத்த இடத்தில் என்பது அவர் கட்சி.

நான் செய்வது: உள்ளே நுழைந்ததும் இரண்டே கூடங்களைத் தேர்ந்தெடுப்பேன். நண்பர் அவருக்குப் பிடித்த கூடத்துக்குப் போகட்டும், நான் எனக்குப் பிடித்ததற்கு. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பெஞ்சில் சந்திப்போம். ஒட்டிக்கொண்டே நடந்தால் ஒருவர் அவசரப்படுவார், இன்னொருவர் அலுத்துக்கொள்வார். பிரிந்து போய் வந்தால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

பேச்சு பழைய கதையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. என்ன செய்வது?

முதல் மாலை அப்படித்தான் இருக்கும், தடுக்க வேண்டாம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம்தான் அதிகமாக வருகிறது என்பதை உளவியலாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நட்பு பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கு. அது முதலில் தீர வேண்டும்.

இரண்டாம் நாளும் அதே விடுதிக் கதை என்றால் எழுந்து நடக்கத் தொடங்குங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வரும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நடுவில் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தாலும் சங்கடமில்லை, தெருவே அடுத்த பேச்சை எடுத்துக் கொடுக்கும். எனக்குத் தெரிந்து, ஒருவர் வேலை போனதையும் இன்னொருவர் அப்பா கடைசியாகப் பேசியதையும் சொன்னது பாலத்தின் மேல் நடக்கும்போதுதான். பாலத்தில் நடப்பவர் பாதியில் திரும்ப மாட்டார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செலவை எப்படிப் பங்கு போடுவது?

முதல் நாளே வாயைத் திறந்து பேசிவிடுங்கள். பழைய நண்பர்களுக்குள் இதுதான் கூச்சமான விஷயம். ஒரே மாதிரி காசில்லாமல் இருந்த காலத்தில் பழகியவர்கள் இப்போது ஒரே மாதிரி இல்லை. நன்றாகச் சம்பாதிப்பவர் "நான் பாத்துக்கறேன்" என்று ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டால், மற்றவர் அடுத்த தடவை வரவே யோசிப்பார்.

ஒரு பொதுப் பை வைத்துக்கொள்வது சுலபம். காலையில் ஆளுக்கு ஒரே தொகை போட்டு, போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் அதிலிருந்து கொடுப்பது. தீர்ந்தால் மறுபடி போடுவது. தொகையைக் கையில் குறைவாக வைத்திருப்பவர் சொல்லட்டும். மற்றவர்கள் அதற்குள் திட்டம் போடட்டும். போன் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் பயணம் முடிந்த மறுநாள் "நீ இவ்வளவு தர வேண்டும்" என்று ஓர் அறிவிப்பு வந்து நிற்பது எனக்குப் பிடிக்காது. வீட்டில் தங்கினால் அதற்கு ஈடாக ஒரு வேளைச் சாப்பாடாவது உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

நண்பரின் மனைவிக்கோ கணவருக்கோ நான் முன்பின் தெரியாதவன்.

அவர்களுக்கு நம் பழைய கதையில் ஒரு பாத்திரமும் இல்லை, பட்டப்பெயர்கூட புரியாது. அரை நாளாவது அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போங்கள். நண்பரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத கதையைச் சொல்வதற்கு முன்னால் நண்பரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து பேர் சேர்ந்து போகிறோம். எல்லாரையும் கட்டி மேய்ப்பது எப்படி?

மேய்க்காதீர்கள். மூன்று பேருக்கு மேல் போனால் எதையும் ஒன்றாக முடிவு செய்ய முடியாது. காலையில் பிரிந்து போய் மாலையில் கூடுவது நல்லது. கூடும் இடத்தை "ரயில் நிலையத்துக்கு வெளியே" என்று சொல்லாமல், எந்த வாசல், எந்தக் கடிகாரத்துக்குக் கீழே என்று சொல்லிவிடுங்கள். பெரிய நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாசல்கூட இருக்கும். ஒருமுறை நாங்கள் ஒரே நிலையத்தின் வடக்கு வாசலிலும் தெற்கு வாசலிலும் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் "வந்துட்டேன், நீ எங்க?" என்று போனில் கத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒருவனுடைய போனில் சார்ஜ் போனது. பேச்சு நின்றதும் அவன் நடந்து வந்து எங்களைக் கண்டுபிடித்துவிட்டான்.

மூட்டு வலி. நிறைய நடக்க முடியாது.

நகரப் பேருந்து ஒன்றில் முதல் நிறுத்தத்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கடைசி நிறுத்தம் வரை போங்கள், அதே பேருந்தில் திரும்புங்கள். பணக்காரத் தெரு, பழைய தெரு, மருத்துவமனை, மார்க்கெட், கல்லூரி வாசல் என்று ஊரே வரிசையாக வரும். சுற்றுலாப் பேருந்தில் இது கிடைக்காது. டிராம், படகு இருக்கிற ஊர் என்றால் இன்னும் நல்லது. கூட்ட நேரத்தை மட்டும் தவிருங்கள்.

நடுவில் ஒரு நாள் நான் தனியாகச் சுற்றினால் தப்பா நினைப்பாரா?

மாட்டார், நிம்மதியாகத்தான் இருப்பார். மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பன்னிரண்டு மணிக்குச் சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு நண்பன் மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். பகலெல்லாம் என்னோடு சுற்றிவிட்டு, மிச்சத்தை இப்படி முடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் தனியாகப் போகப்போவதாகச் சொன்னேன். "நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டான், அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

நேரில் பார்த்தால் பழைய மாதிரி ஒட்டவில்லை. வந்ததே தப்போ என்று தோன்றுகிறது.

முதல் சில மணி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக மாற 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். அதுவும் வேலை நிமித்தம் பக்கத்தில் இருந்த நேரம் பெரிதாகக் கணக்கில் வரவில்லை. சும்மா ஊர் சுற்றியது, அரட்டை அடித்தது, சேர்ந்து விளையாடியது ஆகியவைதான் உதவின. உங்கள் பழைய 200 மணி நேரம் அந்தக் காலத்து ஆளோடு போனது. இப்போது எதிரே இருப்பவர் பாதி புது ஆள். மூன்று நாளில் விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் 40 மணி நேரத்துக்கு மேல் வரும். மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் சந்திப்பவர்களுக்கு அதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும்.

அப்படியும் ஒட்டவில்லை என்றால், சரி, ஒட்டவில்லை. எனக்கும் ஓரிடத்தில் அப்படி ஆனது. ஊரை நன்றாகப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இப்போதும் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம்.

கிளம்பும் நாளில் கவனிக்க வேண்டியது?

மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ரயில் என்றால் அவரை எழுப்பாதீர்கள், இரவே விடைபெற்றுக்கொள்ளலாம்.

பதிலுக்கு நாமும் அவரைக் கூப்பிட வேண்டும் அல்லவா? நம் ஊரில் காட்ட ஒன்றுமே இல்லையே?

கூப்பிடுங்கள், தேதி சொல்லிக் கூப்பிடுங்கள். விரிசல் ஓட்டின் மேல் நின்ற நண்பன் அடுத்த மாதம் என் வீட்டுக்கு வருகிறான். கோபுரம், அருங்காட்சியகம் எதுவும் என்னிடம் இல்லை. நான் தினமும் போகிற பேருந்தில் காலையில் எந்தப் பக்க ஜன்னலில் வெயில் அடிக்காது, எந்த வளைவில் அது பக்கம் மாறும் என்பது மட்டும் தெரியும். அதில்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.